முட்டையைப் பார்த்த பிறகு ரோட்டிஃபரைத் தேடாதீர்கள்: கோமாளி மீன், அனிமோன் கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாக வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். என் ஜோடி இட்ட முதல் மூன்று தடவை முட்டைகளில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. நான்காவது தடவை பதினொன்று பிழைத்தன. கீழே நான் சொல்வதில் பாதி அந்த மூன்று தோல்விகளில் கற்றது. கோமாளி மீன் குடியிருக்கும், கொட்டும் இழைகள் உள்ள கடல் விலங்குக்குக் கடற்சாமந்தி என்று அழகான பெயர் இருந்தாலும் தொட்டி வைப்பவர்கள் எல்லோரும் அனிமோன் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். தலைப்பில் உள்ள ரோட்டிஃபர், குஞ்சுகளுக்கு முதல் உணவாகும் மிகச் சிறிய நீருயிரி. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இரண்டு ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் வாங்கினேன். இரண்டும் 3 செ.மீ., ஒரே அளவு. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம்பலாமா?

நம்ப வேண்டாம். அந்த வயதில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாக முதிர்ந்து, கூட்டத்தில் பெரியதும் முரடானதுமான ஒன்று மட்டும் பெண்ணாக மாறும். ஆனால் இதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து விட்டாலும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். ஒன்று வேகமாக வளரும். மற்றது அதன் முன்னால் உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டும். வலிப்பு வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், 'நீதான் பெரியவள், ஒத்துக்கொள்கிறேன்' என்று சொல்கிறது. கொஞ்சம் அளவு வித்தியாசம் உள்ள இரண்டாக வாங்கினால் இந்தப் பஞ்சாயத்து சீக்கிரம் முடியும். முதிர்ந்த இரண்டு பெண்களை மட்டும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள்; ஒன்றுதான் மிஞ்சும்.

கேள்வி: அண்ணா, என் பெண் மீன் செத்துவிட்டது. ஆண் மட்டும் இருக்கிறது. புதிதாகப் பெண் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு குட்டியை வாங்கி விடுங்கள். இருக்கிற ஆண் பெண்ணாக மாறிவிடும், குட்டி ஆணாக வளரும். ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977-ல் நேச்சர் ஆய்விதழில் விளக்கமாக எழுதிய விஷயம் இது. மாற்றம் ஒரு வழிப்பாதை: பெண்ணானது திரும்ப ஆணாகாது. மறுபடி முட்டை பார்க்கச் சில மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

கேள்வி: முட்டையிட அனிமோன் கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். கடலில் அனிமோன் இல்லாவிட்டால் கோமாளி மீனை மற்ற மீன்கள் தின்றுவிடும், அதனால் அங்கே அது உயிர்ப் பிரச்சினை. உங்கள் தொட்டியில் அதைத் துரத்த ஆள் இல்லை. இனப்பெருக்கம் மட்டுமே நோக்கம் என்றால் நான் அனிமோனைச் சேர்க்கவே சொல்ல மாட்டேன். ஒரு மண்தொட்டியைப் படுக்க வைத்தாலும், மெருகு போடாத ஓடு ஒன்றை மூலையில் சாய்த்து வைத்தாலும் போதும். ஓட்டில் ஒரு பெரிய வசதி, முட்டையோடு தூக்கி வேறு இடத்துக்கு மாற்றலாம்.

கேள்வி: ஜோடி சேர்ந்து ஒன்றரை வருடம். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. முட்டை மட்டும் இல்லை. என்ன கொடுக்கலாம்?

நீங்கள் தினமும் ஒரே ஃப்ளேக் உணவை ஒரு வேளை போடுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியின் மீதிப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். பதில் அங்கேயே இருக்கிறது. உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்றது), பொடியாக நறுக்கிய இறால், சிப்பிச் சதை என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு வேளை கொடுங்கள். வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் ஆடாமல் நிற்கட்டும். விளக்கு தினமும் ஒரே நேரத்தில் எரிந்து அணையட்டும். அப்புறம் தொட்டியைக் கிளறாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாறையை மாற்றி அடுக்குகிற வீட்டில் எந்த மீனும் குடித்தனம் நடத்தாது.

முட்டை நெருங்கினால் தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரு இடத்தை வாயால் கடித்துக் கடித்துச் சுத்தம் செய்யும், பெண்ணின் வயிறு பருக்கும், அடியில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: முதல் தடவை முட்டையிட்டது. மறுநாள் காலையில் ஒன்றுமில்லை. தின்றுவிட்டதா?

தின்றுவிட்டது. புது ஜோடிகள் முதல் இரண்டு மூன்று தடவை இப்படித்தான் செய்யும். பல முட்டைகள் கருவுறாமலே போயிருக்கும், அவற்றைத் தின்பது ஒருவகையில் சுத்தம்தான். ஆரோக்கியமான ஜோடி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடும், அடுத்ததுக்குக் காத்திருங்கள். விசிறுவதும், வாயால் தடவுவதும், செத்து வெளுத்த முட்டையைப் பொறுக்குவதும் பெரும்பாலும் ஆணின் வேலை. தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் பயந்து தின்னும்.

கேள்வி: சார், முட்டை வந்து நான்கு நாள் ஆகிறது, கண் தெரிகிறது! ரோட்டிஃபர் இல்லை. ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் குட்டி இறால் போன்ற உயிரி) முட்டையைப் பொரித்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: இந்தத் தடவையை விட்டுவிடுங்கள்.

லார்வா, அதாவது புதிதாகப் பொரித்த குஞ்சு, 3 முதல் 4 மி.மீ. நீளம்தான், வாய் அதைவிட எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள். புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா கிட்டத்தட்ட அரை மி.மீ. இருக்கும், அதை விழுங்க லார்வாவுக்கு ஐந்தாறு நாளாவது ஆக வேண்டும். ரோட்டிஃபர் அதில் பாதிக்கும் குறைவு, மெதுவாக மிதக்கும், துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. முதல் வாரத்துக்கு அதற்கு ஈடாக வீட்டில் செய்யக்கூடிய எதையும் நான் பார்க்கவில்லை. முட்டை மஞ்சள் கரு, அரைத்த ஃப்ளேக் எல்லாம் முயன்றாயிற்று. தண்ணீர்தான் கெட்டது. என் முதல் தோல்வி முழுக்க இந்தக் கதைதான்.

குஞ்சு வளர்க்க ஆசைப்பட்டு முதலில் மீன் வாங்குகிறோம், அப்புறம் ஓடு வைக்கிறோம், முட்டையைப் பார்த்ததும் உணவைத் தேடி ஓடுகிறோம். வரிசை தலைகீழ். ரோட்டிஃபர் வளர்ப்பு ஒரு மாதம் சாகாமல் ஓடினால் மட்டுமே அடுத்த முட்டையை எடுங்கள்.

கேள்வி: சரி, அந்த ரோட்டிஃபரை எப்படி ஓட்டுவது? என்னுடையது பத்தாவது நாள் திடீரென்று மொத்தமாகச் செத்துவிடுகிறது.

எல்லோருக்கும் சாகும். அதனால்தான் எப்போதும் இரண்டு வாளி. ஒன்று போனால் மற்றதிலிருந்து விதை எடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே குழாய், ஒரே கரண்டி பயன்படுத்தாதீர்கள், ஒன்றின் கேடு மற்றதுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஒப்படர்த்தி (உப்பு கூடினால் ஏறும் எண்) கடல்நீரைவிடக் கொஞ்சம் குறைவாக, 1.015 முதல் 1.020 வரை வையுங்கள். காற்றுக் கல் வேண்டாம், வெறும் குழாயில் பெரிய குமிழி மெதுவாக வந்தால் போதும். உணவு நானோக்ளோராப்சிஸ் பாசி, தினம் இரண்டு வேளை. தண்ணீர் லேசான பச்சையிலிருந்து தெளிவாவதற்குள் அடுத்த வேளை. நீங்கள் செய்யும் தவறு எனக்குத் தெரிகிறது: வீணாகிறதே என்று அறுவடை செய்யாமல் விடுகிறீர்கள். முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புது உப்புநீர் ஊற்றுங்கள். கூட்டம் பெருகி, கழிவு சேர்ந்து, அம்மோனியா ஏறித்தான் அது கவிழ்கிறது. எடுத்த பங்கைப் பெரிய தொட்டியில் விட்டால் பவளங்கள் தின்னும்.

கேள்வி: பொரிக்கும் இரவு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

முட்டை முதலில் ஆரஞ்சு நிறம், மூன்று நான்கு நாளில் கருக்கும், கடைசியில் கண்கள் வெள்ளிபோல மின்னும். சூட்டைப் பொறுத்து ஆறு முதல் எட்டு நாள். கண் மின்னத் தொடங்கிவிட்டால் அன்றோ மறுநாளோ இரவு, விளக்கணைந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் பொரிக்கும். முழு இருட்டு அவசியம். ரவுட்டரின் பச்சை வெளிச்சம் மேலே பட்டு என் வீட்டில் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

20 முதல் 40 லிட்டர் வரை ஒரு சின்னத் தொட்டி போதும். பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடுங்கள், பளபளக்கும் கண்ணாடியில் லார்வாக்கள் தலையை மோதிக்கொண்டே இருக்கும். தண்ணீரைப் பெற்றோரின் தொட்டியிலிருந்தே எடுங்கள். மாலையில் முட்டை ஒட்டிய ஓட்டினை இதற்கு மாற்றி, அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் முட்டைகளை உரசிப் போகும்படி வையுங்கள். அப்பாவின் விசிறலுக்குப் பதில் அதுதான். முட்டை பாறையில் ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் பொரித்த பிறகு ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள், வெளிச்சத்துக்குக் கூடி வரும். கோப்பையால் தண்ணீரோடு அள்ளுங்கள். வலை கூடவே கூடாது.

காலையில் பாசி ஊற்றி நீரை லேசாகப் பச்சையாக்கி, ரோட்டிஃபரைப் போடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பச்சை நீர் ரோட்டிஃபருக்கும் சோறு, வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தும். விளக்கு மங்கலாகவே இருக்கட்டும்.

கேள்வி: முதல் வாரம் நன்றாகப் போகிறது. எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் கொத்தாகச் சாகின்றன. ஏன்?

அந்த நாட்களில்தான் அவை லார்வாவிலிருந்து மீனாக மாறுகின்றன. நடுநீரில் மிதந்தவை கீழேயும் ஓரங்களிலும் ஒதுங்கும், தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை தெரியும். முதல் வாரத்துச் சோறு போதாதவை இந்த மாற்றத்தைத் தாங்காது. எனவே எட்டாம் நாள் பிரச்சினையை இரண்டாம் நாளில் தேடுங்கள். இன்னொரு காரணம் ஆர்ட்டீமியாவுக்கு ஒரே நாளில் தாவுவது. ஐந்தாறு நாளிலிருந்து கொஞ்சம் ஆர்ட்டீமியா கலந்து, ரோட்டிஃபரை மெல்லக் குறையுங்கள். ஆர்ட்டீமியாவைப் பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நேரம் போகப் போக அதன் மஞ்சள் கரு தீர்ந்து வெறும் கூடுதான் மிஞ்சும்.

அம்மோனியாவையும் அளந்து பாருங்கள். அடியில் படியும் அழுக்கைக் காற்றுக் குழாயால் தினமும் உறிஞ்சி எடுத்து, பெற்றோர் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். வாளியால் மடமடவென்று ஊற்றி ஒரு தொகுதியையே இழந்தவன் சொல்கிறேன்.

கேள்வி: பிழைத்தவற்றில் பாதிக்குப் பட்டை முழுதாக இல்லை. நோயா?

நோயில்லை. லார்வா காலத்துச் சத்துக்குறைவும் தண்ணீரின் தரமும் பெரும்பாலும் காரணம். வளர்ந்த பிறகு பட்டை நிரம்பாது, மற்றபடி நன்றாக வாழும். சில பட்டை விகாரங்கள் பரம்பரையாகவும் வருபவை, அவற்றைத் தனிப்பெயர் வைத்து விற்கிறார்கள். எனக்கென்னவோ சாதாரண மூன்று பட்டைதான் பிடிக்கிறது.

கேள்வி: தொட்டி தொடங்கி இரண்டு மாதம். எந்த அனிமோன் நல்லது?

இப்போது எதுவும் வேண்டாம். ஆறு மாதமாவது போகட்டும். அனிமோனுக்குத் தேவை ஆடாத தண்ணீர். ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் குறைவு. அதைவிட முக்கியம், இவை எல்லாம் நேற்று இருந்ததுபோல இன்றும் இருப்பது.

வேளை வந்தால், இழை நுனி குமிழிபோல ஊதியிருக்கும் பபிள் டிப் அனிமோன். கோமாளி மீனுக்கு இடம் கொடுக்கும் அனிமோன் இனங்கள் பத்துதான், அதில் வீட்டுத் தொட்டிக்கு மிகவும் ஒத்துப்போவது இது. ஓசெல்லாரிஸ் கடலில் இதில் வாழ்வதில்லை, ஆனாலும் தொட்டியில் பல ஜோடிகள் ஏற்றுக்கொள்கின்றன. கம்பளம்போல விரியும் கார்ப்பெட் வகை பார்க்க அழகுதான்; ஆனால் தூங்குகிற சின்ன மீன் மேலே பட்டால் காலையில் எண்ணிக்கை குறையும்.

கேள்வி: தூய வெள்ளையாக ஒரு அனிமோன் பார்த்தேன், நுனி ஊதா. வாங்கலாமா?

வெள்ளை என்பது அழகல்ல, பட்டினி. அதன் உடம்புக்குள் வாழ்ந்து வெளிச்சத்தைச் சோறாக்கித் தரும் பாசி வெளியேறிவிட்டது. பழுப்பு சாயல் உள்ளதாக, பாதம் கிழியாததாக, வாய் இறுக மூடியதாகப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் என்றால் சாயம் ஏற்றியிருக்கலாம், தொடாதீர்கள்.

கேள்வி: என் பபிள் டிப் மூன்று நாளாகக் கண்ணாடி முழுக்க நடக்கிறது. பாறையில் ஒட்ட வைத்தாலும் போய்விடுகிறது.

ஒட்ட வைக்காதீர்கள். வெளிச்சமும் நீரோட்டமும் தனக்குப் பிடித்தபடி இருக்கும் இடத்தை அதுவே தேடும். உங்கள் வேலை ஒன்றுதான்: பவர்ஹெட்டுக்கு (தொட்டிக்குள் நீரை ஓட்டும் மோட்டார்) இப்போதே நுரைப்பஞ்சு உறை போடுங்கள். உள்ளே இழுக்கப்பட்டு அரைபட்டால் அனிமோன் மட்டும் சாகாது, அதன் நஞ்சும் அழுகலும் தொட்டி முழுவதையும் கெடுக்கும். அவ்வப்போது சுருங்கிப் பழுப்பு இழையாகக் கழிவைத் துப்பிவிட்டு மறுபடி விரிந்தால் பயமில்லை. வாய் பிளந்து, சதை கரைந்து, நாற்றம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டாகப் பிரிந்துவிட்டது. சந்தோஷப்படவா?

நன்றாக வளர்ந்தாலும் பிரியும், மிரண்டாலும் பிரியும். இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு விரிந்தால் சந்தோஷப்படுங்கள். ஒரு வாரம் உணவு போடாதீர்கள், கிழிந்த வாய் ஆறட்டும். அனிமோனுக்கு ஆயுள் கெட்டி. ஸ்காட்லாந்தில் ஜான் டால்யெல் 1828-ல் கடற்கரையில் எடுத்த ஒன்று, வேறு இனம்தான், 'பாட்டி' என்ற பெயரோடு 1887 வரை ஜாடியில் வாழ்ந்தது.

கேள்வி: மீன் அனிமோனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹீட்டர் பக்கத்திலேயே தூங்குகிறது.

தொட்டியில் பிறந்த மீன் அனிமோனைக் கண்டதே இல்லை. சில ஒரு மணி நேரத்தில் போய்விடும், சில ஒரு வருடம் ஆகும், சில கடைசிவரை ஹீட்டரோடுதான். பிடித்து உள்ளே தள்ளுவது இரண்டுக்கும் தொல்லை.

கேள்வி: புதிதாக வந்த மீனின் தோல் வெள்ளைச் சளிபோல உரிகிறது, மூச்சு வாங்குகிறது. தாமிர மருந்து கைவசம் இருக்கிறது.

தாமிரத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அனிமோன் செத்துவிடும். நீங்கள் சொல்வது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய் போலிருக்கிறது, அதற்குத் தாமிரம் சரியான மருந்தும் அல்ல. மீனை இன்றே தனித் தொட்டிக்கு மாற்றி, மீனுக்கென்று விற்கும் ஃபார்மலினை உறையில் எழுதிய அளவில், நல்ல காற்றோட்டத்தோடு கொடுங்கள். கையுறை போடுங்கள், அதன் ஆவியை முகர வேண்டாம். ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும் நோய் இது, நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: முட்டையிட்டதிலிருந்து கண்ணாடி துடைக்கக் கைவிட்டால் பெண் மீன் கடிக்கிறது. ரத்தம்கூட வந்தது. இது எப்போது நிற்கும்?

நிற்காது. நீளப் பிடி வைத்த துடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.