இரண்டாம் பாகத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: உங்கள் லாரி நாவலை நான்கு முறை படித்தவன் நான். இரண்டாம் பாகத்துக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தேன். 450 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை, சின்னசாமியை ஏன் சார் இப்படிக் கெடுத்தீர்கள்? வாசகனுக்குப் பதில் சொல்லும் கடமை எழுத்தாளனுக்கு உண்டா, இல்லையா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாலக்கோடு)

பதில்: திட்டும்போதும் 'சார்' போட்டதற்கு நன்றி. இந்தப் புத்தகம் வந்தபின் எனக்கு வரும் கடிதங்களில் அது அபூர்வமாகிவிட்டது.

கதை எப்படிப் போக வேண்டும் என்பதில் வாசகருக்கு நான் கடன்பட்டவன் இல்லை. ஆர்தர் கானன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியோடு முடித்தபோது வாசகர்கள் கொதித்துப் போனார்கள். மனிதர் அசையவில்லை. 1901-ல் மறுபடி ஒரு ஹோம்ஸ் கதை எழுதினார், அதுவும் சாவுக்கு முந்தைய கதை என்று சொல்லி. 1903-ல்தான் ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று உயிரோடு கொண்டுவந்தார். பத்திரிகைகள் கொடுத்த பணத்துக்கும் அதில் பங்கு உண்டு. கல்கி வேறு மாதிரி. பொன்னியின் செல்வன் 1954-ல் முடிந்ததும், 'அப்புறம் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்' என்று கேட்டவர்களுக்கு ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். தொடர்ந்து எழுதியிருப்பாரா என்று கேட்க வழியில்லை, அந்த டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

சரி, சின்னசாமிக்கு வருகிறேன். தொப்பூர் கணவாயில் இரண்டாவது கியரில் லாரியை இறக்குகிறவன். முதல் பாகம் முழுக்க அவன் பேசியது ஐம்பது வாக்கியம் தேறாது. அது வந்தபின் ஓசூர், அரூர், ஊத்தங்கரை என்று கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் 'இரண்டாம் பாகம் எப்போ?' நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவன் அடுத்து என்ன பேசுவான் என்று அளந்துவிடுவேன். எந்த வரிக்குக் கைதட்டல் வந்ததோ அதை வீட்டுக்கு வந்து நோட்டில் குறித்துக்கொள்வேன். மூன்றாம் அத்தியாயத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கம் பேசுகிறானே, அது அந்த நோட்டு. அங்கே பேசுவது நான்தான்.

ஜனவரி புத்தகக் காட்சிக்காகப் பதிப்பாளர் அவசரப்படுத்தினார் என்று தப்பிக்கலாம். முன்பணம் வாங்கியது யார்? என் வீட்டுக்காரி காவேரிப்பட்டணத்து மாங்காய் மண்டிக்காரர் மகள். கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "கல்லு வெச்சுப் பழுக்க வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள். மேலே மஞ்சளாக இருந்தாலும் கொட்டைப் பக்கம் வெளுத்திருப்பது அவளுக்கு முகர்ந்தாலே தெரியும். மறுநாள் காலை கூரியரில் அனுப்பிவிட்டேன். 'வாசகர்கள் கேட்டார்கள், எழுதினேன்' என்று முன்னுரையில் போட்டிருக்கிறேன் பாருங்கள், அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கேள்வி: 450 ரூபாயைத் திருப்பித் தருவீர்களா?
(கல்லூரி மாணவி, பர்கூர்)

பதில்: மெதுவாகக் கேளம்மா, இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-ல் ஒரு நாவலோடு நிறுத்திக்கொண்டவர். 2015-ல், அவருடைய 89 வயதில், அதன் தொடர்ச்சி என்ற பேச்சோடு இன்னொன்று வந்தது. உண்மையில் அது 1950-களில், முதல் நாவலுக்கும் முன்பே எழுதப்பட்ட பிரதி. முதல் நாவலில் நியாயத்துக்கே உருவம் என்று கொண்டாடப்பட்ட வக்கீல் அட்டிகஸ் இதில் நிறவெறி பேசுகிறார். மிச்சிகனில் ஒரு புத்தகக் கடை, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவே அறிவித்தது. அதை வெளியிட அந்தக் கிழவிக்கு நிஜமாகவே சம்மதமா என்ற சந்தேகமாவது அங்கே இருந்தது. என் விஷயத்தில் அதுவும் இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் வந்தால் ஒரு கூடை மாம்பழம் தருகிறேன், கல் வைக்காதது.

கேள்வி: இரண்டாம் பாகம் பிடித்தவர் ஒருவராவது உண்டா?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: என் தம்பி. இன்னும் படிக்கவில்லை.

கேள்வி: மூன்றாம் பாகம் வருமா?
(வாசகர், மத்தூர்)

பதில்: தருமபுரி புத்தகத் திருவிழாவில் ஒரு பெரியவர் இரண்டு பாகங்களையும் மஞ்சள் பையில் கொண்டுவந்தார். முதல் பாகத்துக்குக் காலண்டர் தாளில் அட்டை, முதுகில் சாக்கு ஊசித் தையல். அதில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது புதுசு மாறாமல் இருந்தது, நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கும் கை நீட்டினேன். "இதுல எதுக்குங்க?" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.