ரத்த ரிப்போர்ட் நார்மல் என்றால் வயிற்றில் கிருமி இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: சிரோசிஸால் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) வயிற்றில் நீர் கோத்திருக்கும் என் தந்தை இரண்டு நாள்களாகக் குழப்பமாகப் பேசுகிறார், காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் 5,200, தொற்றின் அடையாளமாகப் பார்க்கும் சி.ஆர்.பி. 14, புரோகால்சிட்டோனின் 0.3. ஆனாலும் வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.9 என்பதால் அஞ்சுகிறோம். ரத்தப் பரிசோதனையையே மறுபடி செய்து பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. மருத்துவர் சொல்வதே சரி, அதையும் இன்றே செய்துவிட வேண்டும்.

சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி ரத்த அணுக்களைத் தன்னிடம் தேக்கிக்கொள்வதால், பலருக்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கை வழக்கமாகவே குறைவாக இருக்கும். உங்கள் தந்தைக்கு வழக்கமாக 2,500தான் இருந்தது என்றால், ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சாகியிருக்கும் 5,200 உண்மையில் இரட்டிப்பு. பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சி.ஆர்.பி.யைத் தயாரிப்பது கல்லீரல். அந்தக் கல்லீரலே நொடித்துப்போயிருக்கும்போது, கடுமையான தொற்றிலும் அது எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல் போகலாம். புரோகால்சிட்டோனின் அதைவிடச் சற்று நம்பகமானது, மிகவும் உயர்ந்திருந்தால் சந்தேகத்தை வலுப்படுத்தும். ஆனால் குறைவாக இருப்பதை வைத்து வயிற்றில் கிருமி இல்லை என்று யாரும் சான்று தர முடியாது. காய்ச்சலும் வயிற்று வலியும் இல்லாமல், குழப்பமான பேச்சோ கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவு) ஏற்றமோ மட்டுமே அடையாளமாக வயிற்று நீரில் இந்தத் தொற்று வருவதுண்டு.

இந்த இடத்தில்தான் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஏஜென்டுகள் நுழைகிறார்கள். 'முழுத் தொற்றுப் பேக்கேஜ்' என்று இருபது முப்பது பரிசோதனைகளைக் கட்டித் தருவார்கள். வயிற்று நீரைப் பற்றிச் சொல்லும் பரிசோதனை அதில் ஒன்றுகூட இருக்காது. ரிப்போர்ட்டில் பச்சை நிறத்தில் நார்மல் என்று வந்ததை நம்பி இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு, சிறுநீர் நின்ற பிறகு அழைத்து வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டு நீர் எடுப்பதை 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடையே இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைவிட மோசமானது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று யாரோ கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை. நீர் எடுப்பதற்கு முன் அதை விழுங்கினால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை) கிருமி வளராமல் போகலாம்.

ஐ.என்.ஆர். பற்றிய அச்சம் வேண்டாம். கல்லீரல் ரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை மட்டுமல்ல, உறையாமல் தடுக்கும் பொருள்களையும் தயாரிக்கிறது. சிரோசிஸில் இரண்டும் சேர்ந்தே குறைவதால், அந்த எண் ரத்தக்கசிவு அபாயத்தைச் சரியாக அளப்பதில்லை. இந்த ஊசிக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளாஸ்மா ஏற்றும் வழக்கமும் தேவையற்றது.

எடுத்த நீரில் முதலில் கேட்க வேண்டியது நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை. ஒரு கன மில்லிமீட்டரில் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், கல்ச்சருக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார்கள். ஊசி பட்டு நீரில் ரத்தம் கலந்துவிட்டால் மட்டும் கணக்கு மாறும்: 250 சிவப்பணுக்களுக்கு ஒரு நியூட்ரோஃபில் வீதம் கழிக்க வேண்டும். நியூட்ரோஃபில் 340, சிவப்பணுக்கள் 25,000 என்று வந்தால் 100ஐக் கழித்து 240 என்று கொள்ள வேண்டும். எல்லைக்கு மேலே தெரிந்த எண் கீழே இறங்கிவிடுகிறது. ரிப்போர்ட்டில் சிவப்பணு எண்ணிக்கையே இல்லாவிட்டால் இந்தக் கணக்கைப் போட வழியில்லை. ஆகவே அதையும் கேட்டு வாங்குங்கள்.

சில மணி நேரத்தில் வர வேண்டிய இந்த எண்ணிக்கை, மாலையில் எடுத்த மாதிரி மேசையிலேயே கிடந்து மறுநாள் காலையில் எண்ணப்படுவதால் தாமதமாகிறது. பல ஆண்டுகளாகச் சொல்லியும் மாறாத அலட்சியம் இது. கல்ச்சருக்கான நீரைப் படுக்கையருகிலேயே, குறைந்தது 10 மில்லி, ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் செலுத்தச் சொல்லுங்கள். அப்படிச் செய்தும் பலருக்குக் கிருமி வளராது, அதனால் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக்குடன், சிறுநீரகத்தைக் காக்க, முதல் நாள் எடைக்கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம் என்று ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றுவதும் சிகிச்சையின் பகுதியே. அதை எப்போது தொடங்குவார்கள் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.