அப்பாவை உட்கார வைத்துப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். பத்து வருடமாக ஓட்டிய ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு, நான்கு மீட்டருக்குள் இருக்கும் எஸ்யூவி ஒன்று வாங்க இருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகன், அப்பா, அம்மா என வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. மகன் சன்ரூஃப் கேட்கிறான். ஷோரூமிலும் டாப் வேரியன்ட்தான் எடுக்கச் சொல்கிறார்கள். மாதம் ஒருமுறை திருச்செந்தூர் போய் வருவோம். உள்ளே என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?
- மதுரை வாசகர்

பதில்: அப்பாவின் முழங்காலில் இருந்தே தொடங்குகிறேன். என் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு நாங்களும் வண்டி மாற்றினோம். பழைய செடானில் சீட் தாழ்வு. அம்மா உட்காரும்போதும் எழும்போதும் ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது. புது வண்டி பார்க்கப் போன இடத்தில்தான் அவர் ஏறும் விதத்தையே சரியாகக் கவனித்தேன். முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, மேலே உள்ள கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கி, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். முதல் வண்டியில் சீட் உயரம் சரிதான். ஆனால் கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு அகலம், கெண்டைக்கால் அதில் இடித்துக்கொண்டே இருந்தது. அடுத்ததில் கதவு போதுமான அளவு விரியவில்லை. மூன்றாவதில் உட்கார்ந்ததும், "இது நல்லா இருக்குப்பா" என்றார். அதில் சன்ரூஃப் கிடையாது. அதையே எடுத்தோம்.

அதனால் டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஷோரூம் தரை மாதிரி உங்கள் தெரு சமமாக இருக்காது. அப்பா நாலு தடவை ஏறி இறங்கட்டும். சீட் அவருடைய இடுப்புக்குச் சற்றே கீழே இருந்தால், எம்பவும் வேண்டாம், தொப்பென்று விழவும் வேண்டாம். அவரை முன்னால் உட்கார வைப்பதாக இருந்தால், பக்கத்து சீட்டுக்கும் உயரத்தை மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள்.

அப்புறம் பின்சீட். நான்கு மீட்டர் என்பது வரிக்காக வந்த எல்லை. நீளம் அதற்குள்ளும், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. இன்ஜின், டிக்கி, ஐந்து பேர் எல்லாம் அந்த நீளத்துக்குள் அடங்கியாக வேண்டும். எனவே வீல்பேஸைக் கேளுங்கள், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம். மாருதி பிரெஸ்ஸாவில் 2500 மி.மீ., ஸ்கோடா கைலாக்கில் 2566, மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவில் 2600. கூடக் கூட, கால் நீட்ட இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் கால் நீட்ட இடம் இருந்தால் மட்டும் போதாது. பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் தொடைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் சீட் தொடையைத் தாங்கவில்லை என்று அர்த்தம். திருச்செந்தூர் போய்ச் சேர்வதற்குள் கால் மரத்துவிடும். நடுவில் மகன்தான் உட்காருவான். அந்த இடத்துக்கும் தோள் வழியாக வரும் மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும்.

சன்ரூஃப் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மதுரை வெயிலில் பாதி வருடம் அதை மூடியேதான் வைப்பீர்கள். தலைக்கு மேலே உள்ள இடமும் கொஞ்சம் குறையும். எனக்குப் பெரிய கவலை வேறு. பிள்ளைகளை அதில் நிற்க வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. ஒரு நாய் குறுக்கே வந்து பிரேக் போட்டால் அந்தக் குழந்தையை எது பிடித்து நிறுத்தும்? அந்தப் பணத்தைப் பின்பக்க ஏசி வென்ட்டுக்குக் கொடுங்கள். அது தனி ஏசி இல்லை, அதே குளிர்காற்று குழாய் வழியாகப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அம்மாவுக்கும் மகனுக்கும் பெரிய ஆறுதல். கையில் இன்னும் இருந்தால் வென்டிலேட்டட் சீட். துளையிட்ட உறைக்கு உள்ளே ஃபேன் ஓடும், முதுகில் சட்டை ஒட்டாது.

கேள்வி: வெயிலில் நின்ற காரில் ஏறி ஏசியை முழுதாக வைத்தாலும் பத்து நிமிடம் வேகிறது. என்ன செய்யலாம்?
- வேலூர் வாசகி

பதில்: ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி, ஏசியைப் போட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே அடைந்திருக்கும் சூடு வெளியேறிவிடும். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துங்கள். குழந்தை இருந்தால், பெல்ட்டின் இரும்பு நாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். சுடும்.