பறவை நோக்கலுக்குப் புதிதாக வந்தவரின் தவறான பதிவை எப்படித் திருத்துவது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பறவை நோக்கர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், இப்பகுதியில் இருக்க வாய்ப்பே இல்லாத பறவைகளை, பார்த்த பறவைகளின் பட்டியலை ஏற்றும் இணையதளமான இ-பேர்டில் பதிவு செய்கிறார். மனம் நோகாமல் அவரைத் திருத்துவது எப்படி?

பதில்:

அவர் எந்தப் பறவையைப் பதிவு செய்தார் என்பதை நீங்கள் சொல்லவில்லை. குழுவின் மூத்தவர் யாரோ ஏற்கெனவே அவரிடம் கடுமையாகப் பேசிவிட்டார் என்று ஊகிக்கிறேன். இல்லாவிட்டால் நீங்கள் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். என் பதில் இதுதான்: பறவையின் பெயரைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், தம் ஊர்க் குளக்கரையில் பெஸ்ராவைப் பார்த்ததாகப் பட்டியல் ஏற்றியிருந்தார். பெஸ்ரா அடர்ந்த காட்டில் வாழும் சிறிய வேட்டைப் பறவை. வயலும் வேப்பமரமும் சூழ்ந்த குளக்கரையில் அதை எதிர்பார்க்க முடியாது. எங்கள் குழுவில் ஒருவர், "முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி" என்று எழுதினார். அதற்குக் கீழே நான்கைந்து பேர் சிரிப்புக் குறி இட்டார்கள். அந்த மாணவர் அதன்பின் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அந்தக் குளத்திலிருந்து அதுவரை ஒருவரும் ஒரு பட்டியல்கூட ஏற்றியதில்லை.

நான் அவருக்குத் தனியே எழுதினேன். பறவை எந்த மரத்தில், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தது, நெஞ்சில் இருந்த குறிகள் குறுக்குப் பட்டைகளா அல்லது மேலிருந்து கீழாக இறங்கும் துளிகளா, தொண்டையின் நடுவில் ஓடும் கோடு எவ்வளவு தடிமன் என்று கேட்டேனே தவிர, அவர் சொன்ன பெயர் தவறு என்று சொல்லவில்லை. அவர் இருநோக்கியின் (பைனாகுலர்) கண்ணாடியில் கைப்பேசியை வைத்து எடுத்த படத்தை அனுப்பினார். படம் மங்கலாக இருந்தாலும் நெஞ்சில் பழுப்புத் துளிகள் தெரிந்தன, தொண்டைக் கோடும் தெரிந்தது. அவர் ஏன் பெஸ்ரா என்று முடிவு செய்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வல்லூறு என்று நாம் சொல்லும் ஷிக்ராவின் வளர்ந்த பறவைக்குச் சாம்பல் நிற முதுகும் நெஞ்சில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குப் பட்டைகளும் இருக்கும். இளம் பறவைக்கோ முதுகு பழுப்பு, நெஞ்சில் துளிகள், தொண்டையில் தெளிவான ஒரு கோடு. புத்தகத்தில் வளர்ந்த வல்லூறின் படத்தை மட்டும் பார்த்த ஒருவர், தொண்டைக் கோட்டை வைத்துப் பெஸ்ரா என்று எண்ணியது கவனமாகப் பார்த்ததனால் வந்த தவறு. கவனமில்லாதவருக்குத் தொண்டைக் கோடே கண்ணில் பட்டிருக்காது.

இளம் வல்லூறின் படத்தை அவருக்கு அனுப்பி, பெஸ்ராவின் தொண்டைக் கோடு இன்னும் தடித்திருக்கும் என்று மட்டும் எழுதி, அதே குளக்கரையைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னேன். சில வாரங்களில், சாம்பல் நிறப் பெரிய பறவை ஒன்று அந்தப் பழுப்புப் பறவைக்கு ஓணானைக் கொடுப்பதைப் பார்த்ததாக அவரே எழுதினார்; பட்டியலையும் அவரே திருத்திவிட்டார். இன்றும் அந்தக் குளத்திலிருந்து அவருடைய பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இதைச் சொன்னால், அறிவியல் தரவில் பிழையை அனுமதிக்கச் சொல்கிறாயா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இ-பேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் ஏற்ப ஒரு வடிகட்டி இருக்கிறது. வழக்கத்துக்கு மாறான இனமோ எண்ணிக்கையோ வந்தால் அது தன்னார்வப் பரிசீலகர் ஒருவரின் பார்வைக்குப் போகும். அவர் விவரம் கேட்பார். உறுதிப்படாத பதிவு பொது வரைபடத்தில் வராது, ஆனால் பதிவு செய்தவரின் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். இதைப் புதியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விவரம் கேட்டு வரும் மின்னஞ்சலை அவர் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார். தரவைக் காக்க இத்தனை ஏற்பாடு இருக்கும்போது, பலர் முன்னிலையில் ஒருவரைத் தலைகுனிய வைக்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

புதியவர்களுக்கு உண்மையில் சொல்லித்தர வேண்டியது அரிய பறவைகளைப் பற்றி அல்ல. காக்கை, மைனா, மாடப்புறா ஆகியவற்றை எண்ணிக் குறிக்க வேண்டும் என்பதையே முதலில் சொல்லித்தர வேண்டும். அழகான பறவையை மட்டும் பதிவு செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்வது. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்த முழுப் பட்டியல்தான் ஒரு பறவை கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிட உதவும். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் ஏற்றிய ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நம் ஊர் மின்கம்பிகளில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்து வருகிறது என்பது அதில்தான் தெரியவந்தது. அரிய பறவையைத் தேடி மட்டும் போகிறவர்களின் பட்டியல்களிலிருந்து இது தெரிந்திருக்காது. உங்கள் புதியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எண்ணிய காக்கைக்கும் மதிப்பு உண்டு என்று தெரிந்த பிறகு, அரிய பறவையைக் காட்டியாக வேண்டும் என்ற தவிப்பு பெரும்பாலும் தணிந்துவிடும்.

பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி சொன்ன பெயரை அப்படியே ஏற்றினார் என்றால், கோபப்படாமல் அதன் எல்லையை விளக்குங்கள். துடுப்புவால் கரிச்சான் வேறு பறவைகளின் குரல்களை அப்படியே எழுப்பக்கூடியது. குரலை மட்டும் நம்பினால் மனிதரும் ஏமாறுவார், செயலியும் ஏமாறும். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறமாக இருக்கும் மடையான் பறக்கும்போது வெள்ளைச் சிறகோடு வேறு பறவைபோலத் தெரிவதையும், உடலெங்கும் புள்ளியுள்ள பறவை பெண் குயில்தான் என்பதையும் களத்தில் ஒருமுறை காட்டிவிட்டால் போதும். பிறகு அவர் மறக்க மாட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் காத்திருப்பதில்லை. கூட்டையும் குஞ்சுகளையும் அருகில் போய்ப் படமெடுத்தால், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்தால், அன்றே சொல்லிவிடுவேன். தாய்ப்பறவை கூட்டை விட்டு விலகியிருக்கும் நேரத்தில் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலில் வாடும், காக்கையும் கூட்டைக் கண்டுகொள்ளும். அதையும் தனியே, காரணத்தோடு சொல்லுங்கள். விலை உயர்ந்த லென்ஸோடு கூட்டை நெருங்கும் பழைய உறுப்பினரின் படத்துக்குப் பாராட்டு மழை பொழிந்துவிட்டு, கைப்பேசியோடு வந்த புதியவரை மட்டும் கண்டிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு மிகுந்த கோபம் உண்டு. உங்கள் குழுவில் அப்படி நடந்தால் முதலில் பழையவரைக் கேளுங்கள்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையையொட்டித் தமிழ்நாடு முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். அவரை உங்களோடு அழைத்துப் போங்கள். இருநோக்கியை அவர் கையில் கொடுத்து, அவர் பார்ப்பதை வாயால் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பறவை வந்தால், நிறத்தையும் அளவையும் மட்டும் எழுதி வைத்துவிட்டு அடுத்த பறவைக்குப் போகலாம் என்பதை அவர் அங்கேயே கற்றுக்கொள்வார்.