லிங்கனிடம் தோற்ற பிரசங்கியார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் கட்டுரையில் பீட்டர் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) பிரசங்கியாரைப் பெரிய மனிதர் என்று எழுதியிருந்தீர்கள். 1846 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்று வென்ற ஆபிரகாம் லிங்கனை வேத நம்பிக்கை இல்லாதவர் என்று தூற்றியவர்தானே இவர்? மதத்தை வைத்து ஓட்டுக் கேட்டவரிடம் என்ன பெருமை இருக்கிறது?

செ.

அன்புள்ள செ.,

கார்ட்ரைட் தன்னைப் பற்றி அப்படிக் காதோடு காதாகப் பரப்பினார் என்று லிங்கனே எழுதியிருக்கிறார்; துண்டறிக்கை அச்சிட்டுப் பதிலும் சொன்னார். அதில் பிரசங்கியார் செய்தது தவறுதான். ஆனால் அந்த ஒரு தேர்தலோடு அவரை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

1785இல் வர்ஜீனியாவில் பிறந்து, கென்டக்கியில் சீட்டாட்டமும் குதிரைப் பந்தயமுமாகத் திரிந்த பையன். 1801இல் மனம் திரும்பினார். கொஞ்ச நாளில் குதிரையேறிப் பிரசங்கிக்கக் கிளம்பிவிட்டார். அன்று அங்கே ஒரு சேகரம், அதாவது ஒரு பிரசங்கியார் பொறுப்பில் விட்ட பகுதி, என்றால் காடும் ஆறும் தாண்டிப் பல வாரம் சுற்றி வர வேண்டும். சேணப்பையில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், சபை ஒழுங்கு நூல், அவ்வளவுதான்.

அடிமைமுறை இருக்கும் மண்ணில் தன் பிள்ளைகள் வளரக் கூடாது என்று 1824இல் இல்லினாய்க்குக் குடிபெயர்ந்தார். வழியில் காட்டில் தங்கிய ஓர் இரவு, மரம் விழுந்து மகள் இறந்துபோனாள். அந்தத் துக்கத்தோடுதான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். 1832இல் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு ஜெயித்தார். அன்று தோற்றவர்களில் இளைஞர் லிங்கனும் ஒருவர்.

நான் அவரை நினைக்கும்போதெல்லாம் மனதில் வருவது 1859தான். பேரன் குவின் ஹாரிசன் ஒரு கைகலப்பில் கிரீக் கிராஃப்டன் என்ற இளைஞனைக் கத்தியால் குத்திவிட்டான். கிராஃப்டன் லிங்கனின் அலுவலகத்திலேயே சட்டம் படித்தவன். சாகக் கிடந்தவனைப் பார்க்கப் பிரசங்கியார் போனார். தன்மேல்தான் தவறு, குவினை மன்னித்துவிட்டேன் என்று அவன் அவரிடம் சொன்னான்.

கொலை வழக்கில் குவினுக்காக வாதாடியவர் லிங்கன். ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றத்தில் எழுபதைத் தாண்டிய கார்ட்ரைட் சாட்சிக் கூண்டில் ஏறினார். சாகப்போகிறவன் சொன்னதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு மறித்தது. தன்னைப் பற்றிப் பழி பரப்பிய அந்தக் கிழவரின் வார்த்தை ஜூரியின் காதில் விழ வேண்டும் என்று லிங்கன் விடாமல் வாதாடினார். கடைசியில் நீதிபதி அனுமதித்தார். பேரன் விடுதலையானான்.

அன்புடன்,
ஆசிரியர்