விளங்காத வகுப்பறை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் தெரிவாகி, பத்து மாதம் யப்பானில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் படிக்கப் போகிறேன். அங்கே ஒரு குடும்பத்துடன் தங்க வேண்டும். யப்பானிய எழுத்து வகைகளில் ஹிரகானாவை மட்டும் ஓரளவு வாசிப்பேன். இங்கே எப்போதும் வகுப்பில் முதலாம் பிள்ளையாகவே வந்திருக்கிறேன். அங்கே ஒன்றும் விளங்காமல் நாள் முழுவதும் இருப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. உயர்தரத்தில் ஒரு வருடம் வீணாகும் என்று அப்பா சொல்கிறார். ஆங்கிலத்தால் சமாளிக்கலாம் என்கிறார் ரியூசன் ஆசிரியர். நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர் என்பதால் அம்மாவுக்கு அது வேறு கவலை. ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் கதைக்க வேண்டும் என்கிறார். போவதற்கு முன் நான் எதைப் படிக்க வேண்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

முதல் சில வாரங்கள் உமக்கு ஒன்றும் விளங்காது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அங்கே பெரும்பாலும் மாணவர் தம் வகுப்பறையிலேயே இருக்க, ஆசிரியர்களே பாடத்துக்குப் பாடம் மாறி வருவார்கள் என்பதால், காலையில் அமர்ந்த அதே கதிரையில் மாலைவரை விளங்காத பேச்சைக் கேட்டபடி இருப்பீர். கணித பாடத்தில் மட்டும் கரும்பலகையில் இருப்பது உமக்குத் தெரிந்ததாக இருக்கும். பழைய இலக்கிய வகுப்பில் நடப்பது யப்பானியப் பிள்ளைகளுக்கே கடினமான பழைய மொழி. அந்த நேரத்தில் கொப்பியில் எழுத்துப் பழகினால் ஒருவரும் உம்மைக் குறை சொல்லப் போவதில்லை.

உமது கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது நீர் முதலாம் பிள்ளை என்ற செய்திதான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி, விடை முழுவதும் சரியென்று உறுதியான பிறகே வாய் திறக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கம் புள்ளி வாங்கித் தரும். புது மொழியை வாங்கித் தராது. கூசாமல் பிழையாகப் பேசுகிற பிள்ளை சில மாதங்களில் கதைக்கத் தொடங்கிவிடும். சரியான வசனம் வரட்டும் என்று காத்திருக்கிற பிள்ளை திரும்பி வரும் விமானத்திலும் காத்துக்கொண்டுதான் இருக்கும். பத்து மாதமும் அந்த வகுப்பின் கடைசிப் பிள்ளையாக இருக்க மனதைத் தயார் செய்வதே, நீர் போகுமுன் படிக்க வேண்டியவற்றுள் முதலாவது.

மொழி பாட வேளையில் வராது. அங்கே பாடங்கள் முடிந்ததும் மாணவர்களே வகுப்பறையையும் நடையையும் துப்புரவு செய்வார்கள். மேசைகளை ஒரு பக்கம் தள்ளி, கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் வரிசையாக்கும் அந்தச் சிறிது நேரத்தில் "இதைப் பிடி", "அந்தப் பக்கம்", "தண்ணீரை மாற்று", "போதும்" என்ற அதே வசனங்கள் அதே செயல்களோடு நாள்தோறும் காதில் விழும். என் மகள் அங்கே படித்த காலத்தில் முதன்முதலாகப் பேசிய முழு வசனம், வாளித் தண்ணீரை யார் ஊற்றுவது என்பதைப் பற்றியது. வகுப்பில் அதன் பிறகும் நெடுநாள் அவள் வாய் திறக்கவில்லை. அதேபோல மாலையில் நடக்கும் மன்றங்களில் ஒன்றில் கட்டாயம் சேர்ந்துகொள்ளும். பேச்சு குறைவாகவும் உடலுழைப்பு கூடுதலாகவும் உள்ள மன்றம் நல்லது: மேசைப்பந்தோ வில்வித்தையோ எதுவாகவும் இருக்கலாம், வாரத்தில் கூடுதலான நாள் கூடுவதாக இருக்கட்டும்.

போகுமுன், பிறமொழிச் சொற்களை எழுதும் கதகானா எழுத்துகளையும் முடித்துவிடும். ஹிரகானாவைப் போலவே அதிலும் அடிப்படை எழுத்துகள் 46தான். உமது பெயரை அதில்தான் எழுதுவார்கள். கஞ்சியைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம் (நாம் குடிக்கும் கஞ்சியை அல்ல, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைச் சொல்கிறேன்). பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் அவை 2136. ஆரம்பப் பாடசாலையின் ஆறு ஆண்டுகளில் அங்குள்ள பிள்ளைகள் படிப்பதே 1026. அவர்களோடு போட்டி போட முடியாது, தேவையும் இல்லை.

இலக்கணத்தை மட்டும் ஆங்கில நூல் வழியாகப் படிக்காதேயும். "வத்தாஷி வா கக்கோ எ இக்கிமாசு" என்பதன் சொல் ஒழுங்கு "நான் பாடசாலைக்குப் போகிறேன்" என்பதன் ஒழுங்கேதான்: வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். ஆங்கிலத்தில் யோசிப்பவர் எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டியிருக்க, உமக்கு அந்த வேலை மிச்சம். தோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவு உண்டென்று வாதிட்டதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்ததும் நம் ஊரில் பலருக்குத் தெரியும். அந்த உறவை மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வசன ஒழுங்கு உமக்கு உதவும். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் யப்பானியமுமாக ஒரு கொப்பி வைத்துக்கொள்ளும்.

ரியூசன் ஆசிரியர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் அவசரத்துக்கு உதவும். ஆனால் உம்மோடு ஆங்கிலம் பழக விரும்பும் சில பிள்ளைகள் முதல் வாரத்திலேயே உம்மைச் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களோடு மட்டும் இருந்துவிட்டால் உமது யப்பானியம் அங்கேயே நின்றுவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்படுவதில் நியாயம் உண்டு. மீனும் இறைச்சியும் கண்ணுக்குத் தெரியாத உணவிலும் 'தாஷி' என்ற சாறு இருக்கக்கூடும். அது பெரும்பாலும், நம் மாசிக் கருவாட்டைப் போல் உலர்த்திய மீனில் எடுப்பது. காலை உணவின் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பிலும் வழக்கமாக அதுதான். சாறு உட்பட எதை உண்ணமாட்டீர் என்பதை யப்பானிய மொழியில் எழுதி, திட்டத்தார் வழியாக அந்தக் குடும்பத்துக்கு இப்போதே அனுப்பும். அங்கே போன பின் மேசையில் வைத்துச் சொன்னால் சமைத்தவருக்குச் சங்கடம். அந்த வசனத்தை மனப்பாடமும் செய்துகொள்ளும். நீர் அதிகம் சொல்லப் போவது அதைத்தான்.

அப்பாவிடம் ஒன்று சொல்லும். 1970களிலும் 80களிலும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் நோர்வேக்கு மாணவராகப் போய்ச் சேர்ந்தது அங்குள்ள மக்கள் உயர்பாடசாலைகளில். தங்கிப் படிக்கும் அந்தப் பாடசாலைகளில் பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. பரீட்சைக்காகவே வளர்ந்தவர்கள் நோர்வேஜிய மொழி தெரியாமல் போய் அங்கே அமர்ந்தார்கள். அந்தக் காலத்தை வீண் என்று நினைக்கிறார்களா என்று அப்பாவுக்குத் தெரிந்தவர் யாரும் அங்கே இருந்தால் அவர்களிடமே கேட்கட்டும். ஆனாலும் உயர்தர வகுப்பில் ஓராண்டு பிந்துவது உண்மை. திரும்பி வந்து எந்த வகுப்பில் சேர்வீர் என்பதை அதிபரிடம் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படும்; வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

இரவுத் தொலைபேசி சரிவராது. யப்பான் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. அம்மா வேலை முடித்து எட்டு மணிக்கு அழைத்தால் உமக்குப் பதினொன்றரை, மறுநாள் பாடசாலை. மாலை நேரம் அந்தக் குடும்பத்தோடு மேசையில் இருந்து, விளங்கினாலும் விளங்காவிட்டாலும் கேட்க வேண்டிய நேரமும்கூட. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இங்கிருந்து அழைத்தால் உமக்குப் பத்தரை. அதை அம்மாவோடு இப்போதே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடும். விமான நிலையத்தில் வைத்துச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அன்புடன்.