சந்தியில் நிற்பது யார் குற்றம்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, வெளிநாட்டிலிருந்து வந்த மகனை அழைத்துவர அண்மையில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்து கொழும்பு நோக்கி அதிவேக நெடுஞ்சாலையில் இருபது நிமிடங்களில் வந்துவிட்டோம். நெடுஞ்சாலை முடிந்து நகர வீதியில் இறங்கும் சந்தியைக் கடக்க மட்டும் நாற்பது நிமிடங்கள் பிடித்தன. ஒருவரை ஒருவர் முந்துவதும், இடையில் புகுவதும், ஹோர்ன் அடிப்பதுமாக ஒரே அமளி. எத்தனை கோடி செலவழித்து வீதி போட்டாலும் நம் நாட்டுச் சாரதிகளுக்கு ஒழுக்கம் வராதா? நம் திருகோணமலை அநுராதபுரச் சந்தியிலும் காலையில் இதே நிலைதான். அங்கே ஒரு மேம்பாலம் கட்டும்படி உங்கள் சஞ்சிகை குரல் கொடுக்கக் கூடாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி)

பதில்: ஐயா, தங்கள் முதற் கேள்விக்கான மறுப்பு தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நெடுஞ்சாலையில் வந்த இருபது நிமிடங்களும் தங்கள் வாகனத்துக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் தத்தம் தடத்தில், போதிய இடைவெளி விட்டு, ஹோர்ன் அடிக்காமல்தான் வந்திருக்கிறார்கள். அதே சாரதிகள் கடைசி முந்நூறு மீற்றரில் ஒழுக்கத்தை இழந்துவிட்டார்கள் என்றால், அந்த முந்நூறு மீற்றரில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதுதான் முறை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே கணக்கில் பிழை விட்டால் தாங்கள் பிள்ளைகளை அடித்திருக்க மாட்டீர்கள். வினாத்தாளைத்தான் திருப்பிப் பார்த்திருப்பீர்கள்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். முன்னே செல்லும் வாகனத்துக்கும் பின்னே வருவதற்கும் இடையில் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும் என்பது சாரதிகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் பாதுகாப்பு விதி. அதன்படி ஒரு தடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 1,800 வாகனங்கள் செல்லலாம்; இரண்டு தடங்களில் 3,600. அந்த இரு தடங்களும் இறங்குமிடத்தில் ஒரு சமிக்ஞை விளக்கைச் சந்திக்கின்றன என்றும், அந்த விளக்கு ஒரு நிமிடத்தில் இருபது விநாடிகள் மட்டுமே இவர்களுக்குப் பச்சை காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 3,600 பேருக்கு அகலமான வீதியின் வாசலில் ஒரு மணித்தியாலத்துக்கு 1,200 பேர் மட்டுமே வெளியேறலாம். வீதி நிரம்பி வர வேண்டும் என்பதுகூட இல்லை. 1,500 வாகனங்கள் வந்தாலே போதும். மணித்தியால முடிவில் 300 வாகனங்கள் மிஞ்சி நிற்கும், ஒன்றுக்கு ஏழு மீற்றர் இடம் என்று பார்த்தால் இரண்டு தடங்களிலும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் வரிசை நீண்டுவிடும். இவ்வளவுக்கும் ஒருவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. தாங்கள் கண்ட முந்துதலும் இடையில் புகுதலும் இந்த வரிசை உண்டான பிறகு வந்தவை. நெரிசலை அவை கூட்டும் என்பது உண்மை, ஆனால் பிறப்பித்தவை அவை அல்ல.

மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை அவர்கள் வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையான பாதைக்காகக் காத்துக் கிடந்தவர்கள். கரை வரையுள்ள வீதியை எவ்வளவு அகலமாக்கியிருந்தாலும், பாதை ஒரு தடவையில் எத்தனை வண்டி ஏற்றுமோ அத்தனை வண்டிதான் அக்கரை சேரும் என்பதை அவர்கள் படித்து அறியவில்லை, நின்று அறிந்தார்கள்.

கட்டுநாயக்கா நெடுஞ்சாலையின் வரலாறும் இதையே சொல்கிறது. ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த வீதி 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்டு, பேலியகொடையில், களனிப் பாலத்தின் அருகே, ஏற்கெனவே நெரிந்துகொண்டிருந்த நகர வீதிகளின் வாயில் கொண்டுபோய் வாகனங்களைக் கொட்டியது. அந்த வாயைத் திறப்பதற்கான இரண்டாவது பாலமும் அதனோடு சேர்ந்த மேல் வீதிகளும் 2021 நவம்பர் 24 அன்றுதான் திறக்கப்பட்டன. இடையில் எட்டு ஆண்டுகள். ஒரு வீதியைத் திட்டமிடுகிறவர் அது எங்கே முடிகிறது என்பதை முதலில் வரைய வேண்டும். நாடா வெட்டுவதற்கு நடுப்பகுதி அழகாக இருக்கிறது என்பதற்காக நடுப்பகுதியை முதலில் முடிப்பது பயணிக்குச் செய்யும் அநியாயம். நம் ஊரவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்குப் போகிறவர்கள் பயன்படுத்தும் மத்திய அதிவேக நெடுஞ்சாலையில், மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 40 கிலோமீற்றர் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, கொழும்புப் பக்கத்துக் கடவத்தை – மீரிகமப் பகுதி முடிந்திருக்கவில்லை. குருநாகலில் மிச்சம் பிடித்த நேரத்தை மீரிகமவுக்கு அப்பால் பழைய வீதியில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

சந்தியின் வடிவமும் குற்றவாளியாக இருக்கலாம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே குறுகிய இடத்தில் ஒருவர் தடத்தை மற்றவர் குறுக்கறுத்துச் செல்லும்படி அமைத்துவிட்டால், எவ்வளவு நல்ல சாரதியும் பிரேக் பிடிக்காமல் அங்கே கடக்க முடியாது. மேலிருந்து பார்த்தால் நான்கு இலைகள் விரிந்ததுபோலத் தெரியும் சந்திகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1916 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அந்நாட்டில் முதலாவது 1929 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் வுட்பிரிட்ஜில் கட்டப்பட்டது. விளக்கே இல்லாமல் எல்லாத் திசைக்கும் திரும்பலாம் என்பது அதன் பெருமை. வாகனங்கள் பெருகியபோது ஓர் இலையிலிருந்து வெளிவருகிறவரும் அடுத்த இலைக்குள் நுழைகிறவரும் ஒரே துண்டு வீதியில் முட்டிக்கொள்வதே அதன் சாபமாயிற்று. அந்த வுட்பிரிட்ஜ் சந்தியே பின்னாளில் இலைகள் நீக்கப்பட்டு மாற்றிக் கட்டப்பட்டது. தவறை ஒப்புக்கொண்டு இடித்துக் கட்டிய அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். தவறான சந்திக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸாரை நிறுத்திவிட்டுத் திருத்தம் செய்ததாகச் சொல்லிக்கொள்வதை மதிக்க முடியவில்லை.

இன்னொன்று, தமிழ் வாசகராகிய தங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது, பெயர்ப்பலகை. நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர் ஓடுகிறது. பிரியும் இடத்துக்கு இருநூறு மீற்றர் முன்னால் பலகையை நட்டால் சாரதிக்குக் கிடைப்பது ஏழு விநாடிகள். அந்த ஏழு விநாடிகளுக்குள் பலகையை வாசித்து, தன் வழி இடதா நேரா என்று தீர்மானித்து, பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்து, தடம் மாற வேண்டும். தினமும் அவ்வழியே போகிறவர் பலகையைப் பார்ப்பதேயில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை திருமலையிலிருந்து போகிறவருக்குத்தான் அது தேவை. அவருக்குரிய தமிழ் வரி மூன்று மொழிகளில் ஆகச் சிறிய எழுத்தில், கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் பிழைபட எழுதப்பட்டிருந்தால், அவர் தயங்குகிறார், வேகத்தைக் குறைக்கிறார், கடைசி நொடியில் குறுக்கே திரும்புகிறார். பின்னால் வருகிறவர் அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று திட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அப்படித் திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஊர்ப் பெயரின் இரண்டாவது எழுத்தே மாறியிருந்த ஒரு பலகையின் கீழே, அது நான் தேடும் ஊர்தானா என்று எண்ணி முடிப்பதற்குள் பிரியும் வழி என் இடப்பக்கத்தில் கடந்து போய்விட்டது. மொழியுரிமை என்று மேடைகளில் பேசப்படுவது வீதியில் இந்த ஏழு விநாடிகளாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது.

இனி மேம்பாலம். கேட்க மாட்டோம், ஐயா. மேம்பாலம் நிற்காமல் நேரே போகிறவர்களுக்கு உதவும். அநுராதபுரச் சந்தியில் காலையில் நிற்பவர்களில் மிகப் பலர் நகரைக் கடந்து போகிறவர்கள் அல்லர். பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கந்தோருக்கும் திரும்புகிறவர்கள். அவர்கள் பாலத்துக்குக் கீழேதான் நிற்பார்கள், இப்போது இருப்பதைவிட ஒடுங்கிய இடத்தில். ஒரு லொறி கீழே போகப் பாலம் ஐந்து மீற்றராவது உயர வேண்டும். நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் என்ற ஏற்றத்தில் ஏறினால்கூட இரு புறமும் நூறு மீற்றருக்குக் குறையாத சாய்வு வேண்டும். அந்தச் சாய்வின் இரு கரையிலும் உள்ள கடைக்காரர்களிடம் யாரும் கேட்டார்களா?

கடந்த வாரம் ஒரு நாள் காலை ஏழு மணியிலிருந்து அரை மணித்தியாலம் அந்தச் சந்தியில் நின்று பார்த்தேன். ஒரு பஸ் வளைவின் வாயிலேயே நின்று ஆட்களை ஏற்றியது. அதன் பின்னால் வந்த ஓட்டோ ஒன்று வலப்பக்கம் ஒதுங்கி முந்தப் பார்த்தது. எதிரே பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த தாய் ஒருவர் கால் ஊன்றி நின்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். பஸ் புறப்பட்ட மறுநொடி அத்தனை பேரும் கலைந்தார்கள். அடுத்த பஸ் அதே இடத்தில் வந்து நின்றது. அந்தத் தரிப்பிடத்தை வளைவிலிருந்து ஐம்பது மீற்றர் அப்பால் தள்ளி வைப்பதற்கு ஒரு கம்பமும் ஒரு பலகையும் போதும். சந்தி வாயிலில் வாகனம் நிறுத்தத் தடை, வலப்பக்கம் திரும்புகிறவர் ஒதுங்கி நிற்க ஒரு வெள்ளைக் கோடு, நடந்து கடக்கிற பிள்ளைகளுக்கும், நம் நகரத்துக்கேயுரிய மான்களுக்கும் நடுவில் நின்றுபோக ஒரு திட்டு. இவற்றைச் செய்து பார்த்த பிறகும் நெரிசல் தீரவில்லை என்றால் மேற்கொண்டு பேசலாம்.

சிறு திருத்தத்தால் என்ன ஆகும் என்று தாங்கள் நினைக்கலாம். பிரித்தானியாவில் சுற்றுவட்டங்கள் அடிக்கடி இறுகி அசையாமல் நின்றன, காரணம் புதிதாக நுழைகிறவர்கள் ஏற்கெனவே வட்டத்துக்குள் இருந்தவர்களை மறித்தார்கள். உள்ளே சுற்றுகிறவருக்கு நுழைகிறவர் வழிவிட வேண்டும் என்ற விதி 1966 இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் அந்த முடிச்சு அவிழ்ந்தது. சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று நாமும் கற்றிருப்பது அந்த விதியைத்தான்.

பெரும் பாலங்களுக்கு நான் எதிரி அல்லன். ஆனால் கொழும்பில் அந்த இரண்டாவது களனிப் பாலம் விளக்குகளோடு திறக்கப்பட்டதற்கு முதல்நாள், 2021 நவம்பர் 23 அன்று, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்ததால் மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. வேலை நடக்கும் காலத்தில் மக்கள் எப்படிக் கடப்பார்கள் என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி. அதை வரையாமல் வேலையைத் தொடங்கியவர்கள் யாராக இருந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இந்த மாவட்டத்தில் கட்டுவதற்குப் பணம் வந்தால், முதலில் அத்தகைய இடங்களுக்குத்தான் கேட்போம்.

தாங்கள் ஓய்வில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பாடசாலை நாட்கள், காலை ஏழிலிருந்து எட்டு வரை, தங்கள் பழைய மாணவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எந்தத் திசையிலிருந்து எத்தனை வாகனங்கள் வருகின்றன, எத்தனை திரும்புகின்றன, பஸ் ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்துத் தாருங்கள். அந்தக் கணக்கை முழுமையாக இப்பக்கத்தில் அச்சிட்டு, நகர நிர்வாகத்துக்கும் போக்குவரத்துப் பொலிஸாருக்கும் தங்கள் பெயரோடு அனுப்பி வைக்கிறோம்.